கோட்டக்குப்பத்தில் பஸ் ஏறினேன்

கோட்டக்குப்பத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? "போயிருக்கிறேனே, பாண்டிச்சேரிக்குப் போகிற வழியில்தானே இருக்கிறது!" என்பீர்கள். அதுதான் அந்த ஊரின் தலையெழுத்து. எல்லோரும் அதன் வழியாகப் போகிறார்கள், இறங்குகிறவர்கள் குறைவு. புதுச்சேரியின் முத்தியால்பேட்டை முடிந்து நாலு எட்டு வைத்தால் கோட்டக்குப்பம். நடுவில் சுவர் கிடையாது, வேலி கிடையாது. ஆனால் 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி வரையில் அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. இன்றைக்கும் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி. பெட்ரோல் விலை மாறும். இன்னொன்றின் விலையும் மாறும். அது எது என்று உங்கள் வீட்டு ஆண்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்!

சென்ற பங்குனியில் நான் அங்கே இறங்கினேன். மரக்காணம் உப்பளத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்று ஆசிரியர் உத்தரவு. மரக்காணம் வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். அதற்குப் பஸ் பார்த்து நின்றபோதுதான் அந்த நாலு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவர்கள். ஒருத்தியை ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹிஸ்டரி, ஜியாகிரபி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி! என் காதுக்கு அது சரிப்படவில்லை. சரித்திரம், பூகோளம், பௌதிகம், ரசாயனம் என்றே வைத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் எனக்கு இடம் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். யாருடைய பாடம் ஆளை அதிக தூரம் கொண்டு போகும் என்பது வழக்கு.

"என் பாடம்தான். ஆயிரம் வருஷம் போய்விட்டு வருவேன், டிக்கெட் வேண்டாம்" என்றது சரித்திரம்.

"போகிற இடத்தில் உன்னோடு பேச உயிரோடு ஒருவர் இருக்கிறாரா?" என்று மடக்கியது பூகோளம். "ஜன்னலைப் பார். தமிழ்நாட்டில் ஏறினோம். காலாப்பட்டு வந்தால் புதுச்சேரி. கீழ்ப்புத்துப்பட்டு வந்தால் மறுபடி தமிழ்நாடு. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு எல்லை தாண்டுகிறோம், பாஸ்போர்ட் வேண்டாம்!"

"நீங்கள் எல்லோரும் தரையில் ஊர்கிறவர்கள். பறந்தவள் நான் ஒருத்திதான்" என்று பௌதிகம் தட்டத்தை முக்காட்டுக்குள் சரிசெய்துகொண்டது. கோட்டக்குப்பத்துப் பெண். பாரிஸில் இருக்கும் சாச்சா வீட்டுக்கு ஒரு கோடை விடுமுறையில் போய் வந்ததாம்.

"பறந்தபோது என்னம்மா தோன்றியது?" என்று நான் கேட்டேன்.

"அக்கா, இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறைவு, கீழே அதிகம், அதனால் மேலே தூக்கும் என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியவள் நான். விமானம் கிளம்பியதும் அது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஆயத்துல் குர்ஸிதான் ஞாபகம் வந்தது!"

கண்டக்டர்கூடச் சிரித்துவிட்டார். ரசாயனம் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் துண்டில் சுற்றிய எதையோ குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தது.

விஷயத்தைப் பூகோளம் என் காதோரம் சொல்லிற்று. ரசாயனத்தின் அம்மா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவள். பெண், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. படிக்க நடத்தும் 'ஜாம்' தேர்வை எழுதி, ராங்க்கும் வந்துவிட்டது. இனி எந்த ஊர் வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். சென்னை கிடைக்கிற ராங்க் இல்லை. கௌஹாத்தி என்றால் நம்பிக்கை உண்டு. அம்மாவோ, "சென்னைன்னு மட்டும் எழுது, இல்லைன்னா எழுதவே வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அம்மாவின் மனத்தை மாற்றத்தான் இந்த நால்வர் படை!

உப்பளத்துக்குள் நுழைந்ததும் கண் கூசிற்று. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பு, வெள்ளை அம்பாரங்கள், மறுபடி பாத்தி. நிழல் என்று சொல்ல ஒரு மரம் இல்லை. வெயிலுக்கு முந்திக்கொள்ள விடியுமுன்பே வேலைக்கு வந்துவிடுகிறார்கள். கீழே உப்பு அறுக்க, மேலே சூரியன் எரிக்க, அந்த வெள்ளைப் பளபளப்பு கண்ணைத் தின்ன, நீண்ட கொம்பில் பொருத்திய பலகையால் உப்பை இழுத்துக் குவிக்கிறார்கள். நாம் சாம்பாரில் ஒரு கல் கூடிவிட்டால் முகம் சுளிக்கிறோம். ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரை வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்கென்று 2022 முதல் தமிழ்நாடு அரசு ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு அது எத்தனை தூரம் வரும் என்பதை வீட்டுக் கணக்கு எழுதுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா எங்களைக் கண்டதும் பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு வந்தாள். தலையில் துண்டு, பாதத்தில் வெடிப்பு.

சரித்திரம் முதலில் வாய் திறந்தது. "அம்மா, இந்த உப்புக்காக வெள்ளைக்காரர்களே பேரம் பேசியிருக்கிறார்கள். 1815-இல், பிரெஞ்சுக்காரர் பகுதியில் விளையும் உப்பை வாங்கும் உரிமை தங்களுக்கே வேண்டுமென்று, வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுக்க இங்கிலீஷ்காரர் ஒப்புக்கொண்டார்கள்!"

"நாலு லட்சமா? அதுல வாருனவளுக்கு எம்மாங் கொடுத்தாங்க, கண்ணு?" என்றாள் அம்மா. சரித்திரம் வாயை மூடிக்கொண்டது.

ரசாயனம் துண்டை அவிழ்த்தது. உள்ளே உப்பு நீரின் அடர்த்தியைப் பார்க்கிற கண்ணாடி மானி. கடல் நீர் அதில் 3 டிகிரி சுமாருக்கு நிற்கும். வெயிலில் சுண்டச் சுண்ட ஏறும். முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படியும். 25-க்கு வந்தால்தான் நம் சமையல் உப்பு. 30-ஐ நெருங்க விட்டுவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசந்துபோகும். இந்த அளவை ஏற்படுத்திய பொமே என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ரசாயன நிபுணர்.

"பார்த்தாயா, எல்லை தாண்டி வந்தும் பிரெஞ்சுக்காரன் விடவில்லை!" என்று சரித்திரம் மறுபடி உயிர் பெற்றது.

அம்மா மானியைத் தொடவில்லை. பாத்தியில் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். "இருபத்தஞ்சு வந்துடுச்சு. பக்கத்துப் பாத்தி இன்னும் ரெண்டு குறைச்சல்."

பெண் மானியை மிதக்கவிட்டது. 25. பக்கத்துப் பாத்தியில் 23. நாங்கள் ஐந்து பேரும் அம்மாவின் விரலைப் பார்த்தோம். பெண் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் அங்கே போய்ப் படிக்கப் போவது இதைத்தாம்மா" என்றது.

அம்மா பதில் சொல்லவில்லை. தூரத்தில் தேங்கிய நீரில் ஒரு கூட்டம் பூநாரை நின்றது. பக்கத்திலிருக்கும் கழுவேலி ஏரியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 5,000 ஹெக்டேருக்கு மேல். குளிர் காலத்தில் வட ஆசியாவிலிருந்துகூட வாத்துகளும் உள்ளான்களும் அங்கே வருகின்றன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூநாரைகள் தண்ணீரின் மேல் தடதடவென்று ஓடி, கழுத்தை நீட்டி எழும்பின. அடிச்சிறகில் அப்படியொரு சிவப்பு!

"விமானமும் இப்படித்தான் ஓடி ஏறும், அம்மா" என்றது பௌதிகம்.

"அந்தச் சிவப்பு அது தின்கிற பாசியிலும் உப்பு நீர்ப் பூச்சியிலும் இருக்கிற சாயம்" என்றது ரசாயனம்.

"கௌஹாத்திக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு நாள், விமானத்தில் சுமார் மூன்று மணி. காலேஜ் பிரம்மபுத்ரா நதிக்கரையில்" என்றது பூகோளம்.

அம்மா அந்தப் பறவைகள் கண் மறைகிற வரை பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அந்த ஊர்ல மழை ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதாம்மா."

"அப்போ உப்பு விளையாது." பலகையை எடுத்துக்கொண்டாள். "முதல்ல அந்த ஊரை எழுது. ரெண்டாவதா சென்னையை எழுது."

பெண்ணுக்குப் பேச்சு வரவில்லை. மற்ற மூவரும் வரப்பென்றும் பாராமல் குதித்ததில் பூகோளத்தின் ஒரு செருப்பு பாத்தியில் விழுந்தது. அம்மா அதைப் பலகையால் இழுத்துக் கொடுத்தாள்.

"ஐப்பசியில் வேலை நின்னதும் நான் வந்து பார்க்கிறேன். ஆனா ஒண்ணு. ரெண்டு நாள் ரயில்ல எல்லாம் என்னால உட்கார முடியாது. சொல்லிட்டேன்" என்றவள், பௌதிகத்தைப் பார்த்து, "ஏன் கண்ணு, அது கெளம்பறப்போ காதை அடைக்குமாமே, நெசமா?" என்றாள்.