பர்கூர் வெயிலில் ஒரு யுகலேலே

பர்கூர் என்றதும், ஜெயலலிதா 1991-ல் ஜெயித்து 1996-ல் தோற்ற தொகுதி என்று சொன்னால் நீங்கள் நாற்பதைத் தாண்டியவர்! எங்கள் அக்காவுக்கு பர்கூர் என்றால் ஜவுளிக்கடைதான். சென்னை போகிற வழியில் 'பத்தே நிமிஷம்டா' என்று இறங்கினாள். சித்திரை மாசம், உச்சி வெயில். காரை நிறுத்த மருந்துக்கும் நிழல் இல்லை.

பின் சீட்டில் அக்கா பையனின் யுகலேலே. கிடாருக்குக் கடைசித் தம்பி, நாலே நரம்பு. 1879-ல் மடெய்ரா தீவுக்காரர்கள் கப்பலேறி ஹவாய்க்குக் கொண்டுபோன வாத்தியத்தின் வாரிசு. கடற்காற்றில் வளர்ந்த பிள்ளை, கிரானைட் பூமியில் என்ன பாடுபடும்?

வெளியே 38 டிகிரி என்றால் கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 55-ஐத் தாண்டிவிடும். ஒட்டிய பசை இளகும். நரம்புகள் சும்மா இருக்குமா? இழுக்கிற இழுப்பில் பிரிட்ஜ் மெள்ளப் பெயர்ந்து வந்துவிடும். மரமும் காய்ந்து விரிசல் விடும். வீணைக்காரர்களைக் கேளுங்கள், இன்னும் கதை கதையாகச் சொல்வார்கள். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தானே உட்கார்ந்திருக்கின்றன! மெழுகு இளகினால் ஸ்வரம் இடம் மாறிவிடும்.

"டிக்கில போட்டுடுங்க சார்" என்றார் டிரைவர். வெயில் நேரே படாது, அவ்வளவுதான். சூடு அங்கேயும் உண்டு. தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள் போனேன்.

"பாப்பாவுக்கு கிடாரா சார்? ஃபேன் பக்கமா வைங்க" என்றார் கடைக்காரர், மரியாதையாக.

அக்காவின் பத்து நிமிஷம் ரெண்டரை மணி நேரத்தில் முடிந்தது. திரும்பி வந்து சீட் பெல்ட் கொக்கியைத் தொட்ட டிரைவர், "ஐயோ!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.