நத்தை வீட்டுக் குடித்தனம்

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அடுத்தமுறை வாய்க்கால் ஓரத்து நத்தையையும் பாருங்கள். கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். மாட்டின் கல்லீரலைத் தின்னும் தட்டைப்புழுவுக்கு அதுதான் வாடகை வீடு.

1895-ல் பெரியாறு தண்ணீர் வந்தபிறகு இருபோகம் விளையும் பூமி இது. ஈரம் இருந்தால் நத்தைக்குக் கொண்டாட்டம். சாணத்தோடு விழும் புழு முட்டை தண்ணீரில் பொரிக்கிறது. குஞ்சு நத்தைக்குள் புகுந்து பல மடங்கு பெருகி, வெளியே வந்து புல்லில் ஒட்டிக்கொள்கிறது. மாடு மேய்கிறது. புழு குடலைத் துளைத்துக் கல்லீரலுக்குப் போய், பித்தநாளத்தில் சொந்த வீடு கட்டிவிடுகிறது. மாடு இளைக்கும். பால் குறையும். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும்.

கூடலூர்ப் பக்கம் ஒரு பெரியவரின் பசுவுக்கு அப்படித்தான் தொங்கியது. மகளின் காலேஜ் ஃபீஸே அந்தப் பாலில்தான்.

"டாக்டர் எதுக்கு தம்பி? வேப்பிலை, பூண்டு, பாகக்கா, தும்பை, மஞ்சள் அரைச்சு, வெல்லத்துல உருட்டிக் குடுத்தாப் போதும்" என்றார்.

சிரிக்காதீர்கள். கிட்டத்தட்ட இதே சேர்மானத்தைக் குடற்புழுவுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மரபு மருத்துவ ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். ஆனால், அது குடற்புழுவுக்கு. இந்தப் புழு இருப்பதோ கல்லீரலில்.

அதற்காக, செடிக்குக் கல்லீரல் எட்டாது என்றும் சொல்லிவிட முடியாது. மனிதர்களின் கல்லீரலில் அமீபா சீழ்க்கட்டியை உண்டாக்கும். அதற்கு 1912-ல் கல்கத்தாவில் லியனார்ட் ரோஜர்ஸ் ஊசியாகப் போட்ட எமெட்டின், இபிகாக் என்ற பிரேசில் செடியின் வேரிலிருந்து எடுத்ததுதான். வேரை அப்படியே கொடுத்தால் வாந்தி. சாரத்தைப் பிரித்து, அளந்து கொடுத்தபோது உயிர் பிழைத்தார்கள். அளவு கூடினால் இதயத்தைத் தாக்கும் என்பதும் தெரிந்தது. பாதுகாப்பான மாத்திரை வந்ததும் எமெட்டின் ஒதுங்கிக்கொண்டது.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் வரவு செலவுதான். சரிபார்க்காத கணக்கில் லாபம் எப்போதும் அதிகமாகவே தெரியும். உருண்டை கொடுங்கள், தப்பில்லை. முதலில் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். கல்லீரல் புழு என்றால் டிரைக்ளாபெண்டசோல் போன்ற மருந்தை, மாட்டின் எடை பார்த்து டாக்டர் கொடுப்பார். பிறகு மறுபடி சோதியுங்கள். வாய்க்கால் ஓரத்தில் மேய விடாதீர்கள்.

பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன்.

"அப்ப நம்ம இலையில ஒண்ணுமே இல்லைங்கிறீங்களா?"

"இருக்கலாம்ங்கய்யா. அதைச் சாணம் சொல்லட்டும்."

ஊரில் மாடு வைத்திருக்கும் சித்தப்பா உங்களுக்கும் இருப்பார். இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.