பின்சக்கரத்தின் தடம்

மரபு பற்றி நம்மிடையே நடக்கிற சர்ச்சைகளில் இரண்டு கட்சிகள்தாம். ஒன்று, தொடாதே என்கிறது. மற்றொன்று, விட்டு விலகு என்கிறது. இரண்டுக்கும் வெளியே ஒரு நிலை சாத்தியம் என்று எனக்குப் புலப்பட்டது புத்தகத்திலிருந்து அல்ல. இத்தாலியின் லிகூரியக் கடற்கரை மலைகளில் சைக்கிளில் இறங்கிய இரண்டு நாட்களில்.

டூரினில் வேலையாயிருக்கும் மைத்துனர் அக்டோபரில் என்னை ஃபினாலே லிகூரே என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனார். தினமும் பாங்குக்கு சைக்கிளில் போகிறவன் என்பதே என் தகுதி. அங்கே வாடகைக்குக் கிடைத்ததற்கும் என் சைக்கிளுக்கும் பெயர் மட்டுமே பொது. தடித்த டயர்கள், டிஸ்க் பிரேக், பொத்தானை அழுத்தினால் தாழ்ந்துகொள்ளும் ஸீட். எங்கள் ஆறு பேரையும் ஒரு வேன் சுமார் 1000 மீட்டர் உயரத்தில், முன்பு நேட்டோ தளமிருந்த இடத்தருகே இறக்கிவிட்டது. வழிகாட்டி உள்ளூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். அங்கிருந்து கடல்வரை இறக்கம். மேலே பீச் மரக்காடு, பிறகு செஸ்ட்நட், பைன், ரோஸ்மேரிப் புதர்கள், கடைசியில் ஆலிவ்.

இந்தப் பாதைகளில் பல, சைக்கிளுக்காக உண்டானவை அல்ல. கோவேறு கழுதைகளும் கரி சுட்டவர்களும் நடந்து நடந்து ஆனவை. சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்களால் தாங்கியிருக்கிறார்கள். சாந்து இல்லாததே அவற்றின் பலம். மழைநீர் இடுக்குகளில் கசிந்துவிடுவதால் சுவரின் பின்னே அழுத்தம் சேர்வதில்லை. 2018இல் யுனெஸ்கோ இந்தக் கைத்திறனை இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் பாரம்பரியமாகப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப்பின் பலர் கடற்கரை ஊர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். கவனிப்பாரில்லாத சுவரில் ஒரு கல் விழுகிறது; பிறகு சுவர்; பிறகு சரிவு.

இதே கடற்கரையின் கிழக்குப் பகுதியில் மொன்டெரோஸ்ஸோ இருக்கிறது. கவிஞர் மொன்டாலே (1896–1981) இளமையில் கோடைகளைக் கழித்த ஊர். அவர் முறையாகப் படித்துத் தேறியது கணக்கியல் என்பதில் எனக்கு ஒரு குமாஸ்தாவின் அற்ப சந்தோஷம். அவருடைய கவிதையின் வறட்சியை விமர்சகர்கள் ஆன்மாவின் வறட்சி என்று எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் கல்லும் முள்ளும் வெயிலும் முதலில் நிலம், பிறகுதான் தத்துவம். 2011 அக்டோபர் 25இல் பெருமழை மலைச் சரிவைப் பெயர்த்து மொன்டெரோஸ்ஸோவின் தெருக்களில் கொண்டுவந்து கொட்டியது.

வழிகாட்டி அழகு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் தடுத்தார். பின்சக்கரத்தைப் பூட்டாதே. வளைவைக் குறுக்கே வெட்டாதே. முன்பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று பயப்படுகிறவன் பின்பிரேக்கையே இறுக்கிப் பிடிக்கிறான். சக்கரம் சுழலாமல் இழுபடுகிறது; மண்ணில் கீறல் விழுகிறது. அடுத்த மழைக்கு அது வாய்க்கால். வேகமாகப் போகிறவனைவிடப் பயந்தவனே பாதையை அதிகம் கெடுக்கிறான் என்றார் அவர். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்குகளாலும் வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். குறுக்கே வெட்டுகிறவனோ தாங்க எதுவுமில்லாத மண்ணைக் கிளறிவிடுகிறான்.

நம்முடைய இரு கட்சிகளும் எனக்கு அங்கே நன்றாகத் தெரிந்தன. யாப்புக்கு அஞ்சுகிறவன் எழுதும் வெண்பாவைப் பாருங்கள்: எதுகைக்காகச் சொல்லை இழுத்துவந்த கீறல் ஒவ்வொரு அடியிலும் இருக்கும். யாப்பே வேண்டாமென்று குறுக்கே பாய்கிறவனின் கவிதையில் வரிகளைத் தாங்க ஒன்றுமிருக்காது. முதல் மழைக்குச் சரியும். மரபைக் காக்கிறேன் என்பவனின் பயமும் மரபை உதறுகிறேன் என்பவனின் அவசரமும் ஒரே சேதத்தைத்தான் செய்கின்றன.

ஓரிடத்தில் அவர் நின்று, முட்புதர் மூடிய ஒரு பிளவைக் காட்டினார். அதுவும் பாதையாக இருந்ததுதான். யாரும் போகவில்லை. அவ்வளவே. சக்கரங்கள் பாதையைத் தேய்க்கின்றன. சக்கரங்கள் வராவிட்டால் பாதையே இல்லை. இந்தச் சங்கடத்துக்குக் கொள்கைத் தீர்வு எதுவும் அவரிடம் இல்லை. பாதையில் விழுந்துகிடந்த கல்லை எடுத்து, எந்தப் பக்கம் பொருந்தும் என்று திருப்பிப் பார்த்து, சுவரில் வைத்தார். பிறகு எங்களுக்கு முன்னால் இறங்கினார்.

விமர்சகனிடம் நான் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதான். தான் இறங்காத பாதையைப் பற்றி அவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது. போகும்போது ஒரு கல்லையாவது எடுத்து வைக்க வேண்டும்.