டியூப்லெஸ் டயரும் இரண்டு கட்டைவிரல்களும்

சைக்கிள் டயர் மாட்டுவதற்கெல்லாம் ஒரு பதிவா என்று கேட்பவர்கள் ஊரில் ஓட்டிய பழைய 28 இன்ச் சைக்கிளை மனதில் வைத்திருக்கிறீர்கள். அந்த டயர் கடைக்காரர் ஸ்பேனர் பிடியால் இரண்டு நெம்பு நெம்பினால் கழன்று வந்துவிடும். டியூபை எடுத்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டினால் கதை முடிந்தது. டியூப்லெஸ் அவ்வளவு சாதுவான பிராணி இல்லை.

புனேயில் எங்கள் வீட்டுக்கு இது வந்து சேர்ந்ததற்குக் காரணம் முள். சாந்தனி சௌக் தாண்டி பூகாவ், பிரங்குட், பௌட் வழியாக முல்ஷி அணைக்குப் போகும் சாலை, ஞாயிறு காலையில் என் சாலை. மழைக்காலத்தில் சொர்க்கம். மழை ஓய்ந்து ஓரத்துச் செடிகளை வெட்டிப் போட்டார்கள் என்றால், தார் முழுக்கக் கருவேல முள். டியூப் வைத்த டயரில் ஒரே காலையில் இரண்டு பஞ்சர் எல்லாம் சாதாரணம். டியூப்லெஸ்ஸில் டியூபுக்குப் பதில் உள்ளே கொஞ்சம் சீலன்ட், அதாவது ரப்பர் பால் கலந்த திரவம், ஓடிக்கொண்டிருக்கும். முள் குத்திய ஓட்டையைத் தானே அடைத்துவிடும். மலைச் சைக்கிள்களுக்கு மாவிக் கம்பெனி 1999-ல் யுஎஸ்டி என்று கொண்டுவந்தது. சாலை சைக்கிளுக்கு 2006 வாக்கில் ஷிமானோவும் ஹட்சின்சனும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். இப்போது நம்ம ஊர்க் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கிறது.

ரங்கமணிக்கு முழங்கால் பிரச்சினை, அதனால் நான் தனியாகத்தான் போகிறேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறேன் என்றாலே கரூரிலிருந்து அம்மா போனில் ஆரம்பித்துவிடுவார், "தனியாவாடி போற?" என்று. அம்மாவுக்கு நான் வைத்திருக்கும் ஒரே பதில், "எதுன்னாலும் நானே பார்த்துக்குவேம்மா". டயர் என் கையால் கழன்று, என் கையால் மாட்டினால்தான் அந்தப் பதில் உண்மை. சீலன்ட் எல்லா ஓட்டையையும் அடைக்காது. கண்ணாடி கிழித்தால் அடைக்காது. அப்போது டயரைக் கழற்றி டியூப் போட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். அந்த நேரத்துக்கு ஆட்டோவும் வராது, கடையும் திறந்திருக்காது.

சைக்கிள் கடைத் தம்பி டயரையும் ரிம்மையும் பார்த்துவிட்டு, "மேடம், யே ஆப்ஸே நஹீ ஹோகா. பிரச்சினை வந்தா இங்க கொண்டு வாங்க" என்றார். நல்ல பையன்தான். ஆனால் பௌட் தாண்டி நிற்கும்போது அவர் கடையை எங்கே கொண்டு வருவது?

சரி, மேட்டருக்கு வருவோம். முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இதில் பலத்துக்கு வேலை குறைவு, கணக்குக்குத்தான் வேலை அதிகம். 700சி ரிம்மில் டயர் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம் 622 மிமீ. மடிக்கக்கூடிய டயரின் விளிம்புக்குள் இருப்பது கெவ்லார் மாதிரியான நார். எவ்வளவு இழுத்தாலும் நீளாது. ஆனால் ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அது 3 மிமீ ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு சுற்றிலும் அந்தப் பள்ளத்தில் இறங்கினால், சுற்றளவில் கிட்டத்தட்ட 19 மிமீ தளர்வு கிடைக்கும். கடைசி அரையடி ஏற மறுக்கிறது என்றால், மற்ற இடங்களில் விளிம்பு எங்கோ மேடையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் வால்வுக்கு நேர் எதிர்ப்புறம் ஆரம்பித்து வால்வில் முடிக்க வேண்டும். வால்வின் அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டு நிற்பதால், அந்த இடத்தில் மட்டும் விளிம்பு இறங்க முடியாது. அதைக் கடைசிக்கு வைத்துவிட்டால், மீதிச் சுற்று முழுக்க நமக்குத் தளர்வு. முதல் பக்கம் சுலபமாக ஏறிவிடும். இரண்டாவது பக்கத்தில் சோப்புத் தண்ணீர் தொட்டு, எதிர்ப்புறத்திலிருந்து இரண்டு கைகளாலும் டயரைக் கிள்ளிப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டே வால்வு வரைக்கும் வாருங்கள். ஒரு தடவை போதாது, மூன்று சுற்று. ஒருபுறம் முன்னேறும்போது மறுபுறம் நழுவினால், அந்த இடத்தில் ஒரு கேபிள் டை போட்டுக் கட்டிவிடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் பிளாஸ்டிக் நெம்புகோல். இரும்பு வேண்டாம், ரிம் டேப் கிழிந்தால் காற்று போக்ஸ் ஓட்டைகள் வழியாகப் போய்விடும். புது டயரைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தாலும் இளகிக் கொடுக்கும். நம் பால்கனிகளில் அதற்குப் பஞ்சமா!

எங்கள் விஷயத்தில் வில்லன் அந்த டேப்தான். கடையில் பத்திரத்துக்கு என்று தடிமனான டேப்பை இரண்டு சுற்று சுற்றியிருந்தார்கள். பள்ளம் அரை மில்லிமீட்டர் மேடானாலே சுற்றளவில் 3 மில்லிமீட்டர் தளர்வு போய்விடுகிறது. டேப்பைப் பிரித்து, மெல்லியதாக ஒரே சுற்று, வால்வு இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக வரும்படி ஒட்டினேன். அன்று இரவு டயர் நெம்புகோல் இல்லாமல் ஏறியது. ரங்கமணி டீ போட்டுக் கொடுத்தார், அது வேறு சாதனை :-)

காற்றடிப்பது தனி விஷயம். வால்வுக்குள் இருக்கும் சிறிய ஊசியைக் கழற்றிவிட்டால் காற்று வேகமாகப் போகும். சாதாரணத் தரைப் பம்பே பெரும்பாலும் போதும். டப், டப் என்று இரண்டு சத்தம் வந்தால் விளிம்பு மேடையில் ஏறிவிட்டது. இரவு பத்து மணிக்குச் செய்யாதீர்கள், கீழ்வீட்டு ஆஜி மேலே வந்துவிடுவார். டயர் ஓரத்தில் இருக்கும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அளவுகளில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஹூக் இல்லாத ரிம் என்றால் அதற்கேற்ற டயர்தான், அதுவும் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் கிடையாது. அதன் பிறகு காற்றை விட்டு, வால்வு வழியாகவே சீலன்ட் ஊற்றி, ஊசியைத் திருகி, மறுபடி காற்று.

கழற்றுவதைத்தான் யாரும் பழகிப் பார்ப்பதில்லை. மேடையில் ஒட்டிக்கொண்ட விளிம்பு லேசில் வராது. காற்றை முழுக்க விட்டுவிட்டு, சக்கரத்தைப் படுக்கப் போட்டு, ரிம்மில் படாமல் டயர் ஓரத்தை மட்டும் குதிகாலால் மெல்ல மிதித்தால் வரும். சுற்றிலும் இரண்டு விளிம்புகளையும் பள்ளத்தில் இறக்கியபின், நெம்ப ஆரம்பிப்பதும் வால்வு பக்கத்தில்தான். டியூப்லெஸ் வால்வைக் கழற்ற வேண்டும் என்பதால், அதன் நட்டை வீட்டிலேயே கையால் மட்டும் இறுக்கி வையுங்கள். இன்னொன்று ரொம்ப முக்கியம். சில மாதம் ஓடிய டயரின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள் (ஜாக்கிரதையாக!). சீலன்ட் அடைத்துவைத்த முட்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிடுங்காமல் புது டியூபைப் போட்டால், பத்தே நிமிடத்தில் அதுவும் போச்சு. பையில் ஒரு சின்னக் குறடு இருக்கட்டும். டூவீலருக்குப் போடுகிற மாதிரியான பிசின் திரியும் ஒல்லியாகக் கிடைக்கிறது. பாதி சமயம் அதைக் குத்தினாலே போதும், டயரைக் கழற்றவே வேண்டாம்.

ஹாலில் பழைய தினசரிகளை விரித்துப் போட்டு, ரங்கமணியைக் கையைக் கட்டி உட்காரச் சொல்லிவிட்டு, ரோட்டில் என்னிடம் இருக்கும் சாமான்களை மட்டும் வைத்து முழுசாக ஒரு தடவை செய்து பார்த்தேன். கழற்றி, முள் பிடுங்கி, டியூப் போட்டு, கைப் பம்பில் காற்றடிக்க 31 நிமிடம். இரண்டாம் தடவை 22. கட்டைவிரல் இரண்டும் மறுநாள் வரை வலித்தது, தோசைக் கரண்டி பிடிக்க முடியவில்லை. வாரத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு தடவை செய்து, 15-க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பௌட் தாண்டுவது என்று வைத்திருக்கிறேன். அதுவரை பிரங்குட்டோடு திரும்பல்.