பட்டாளத்துக் கைத்தொழில்

ராமநாதபுரம் மாவட்டத்தில் 'மிலிட்டரிக்காரர் வீடு எது?' என்று கேட்டால் வழி சொல்ல ஆள் கிடைக்காத ஊர் குறைவு. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கண்மாய் பெருகாத வருஷங்கள் அதிகம். மானாவாரியை நம்பிய வீட்டில் ஒருத்தன் பட்டாளத்துக்குப் போனால் மாதம் பிறந்ததும் சம்பளம் வரும் என்பது பழைய கணக்கு. கிழக்கே கடலோரத்தில் கதை வேறு. அங்கே படைகளே ஊருக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். பருந்து, மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம்.

இந்தப் பகுதியில் ஓய்வுபெற்ற படைவீரர்களைத் தேடிப் போனேன். சண்டையைப் பற்றிக் கேட்டால் ரெண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். "என்ன டிரேடு?" என்று கேட்டால்தான் பேச்சு நீள்கிறது. படையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. டிரைவர், கிளார்க், சமையல், மருத்துவ உதவி, ரேடியோ, பீரங்கி, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது. துப்பாக்கி எல்லோர் கையிலும் இருக்கும்; கைத்தொழில் ஆளுக்கு ஆள் மாறும்.

முதுகுளத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் நான் சந்தித்த பெரியவர் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தப் பொறியாளர் படைப்பிரிவின் வேர் 1780-ல் தொடங்குகிறது. இதில் இருப்பவர்களை இந்திய ராணுவம் முழுக்க 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் இவர் பழைய கூட்டாளிகளுக்குத் தம்பிதான்.

கண்ணிவெடி எடுப்பதை வாயால் சொல்லிப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை என்றதும் கொல்லைப்புறத்தில் கிடந்த ஒரு முழக் கம்பியை எடுத்துவந்து மண்ணில் குப்புறப் படுத்தார். முழங்கை இரண்டும் தரையில். கம்பியை விரல் நுனியில் பிடித்து, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் மெதுவாக மண்ணுக்குள் செலுத்தினார். எடுத்து ஓர் அங்குலம் தள்ளி மறுபடி. ஒரு வரிசை முடிந்ததும் அடுத்தது.

"நட்டமாக் குத்துனா வெடியோட தலையில படும் தம்பி. அழுத்துனா வெடிக்கிற சமாச்சாரம் அங்கதான இருக்கு. சாச்சுக் குத்துனா விலாவுல படும். 'டொக்'குனு ஒரு தட்டு. அதக் காது கேக்காது, விரல்தான் கேக்கும்."

இந்த வேலையை அவர் யாழ்ப்பாணத்தில் செய்தார். 1987 ஜூலை 29-ல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் அமைதிப்படை அங்கே போனது. கடைசி அணி 1990 மார்ச் 24-ல் திரும்பியது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ஈழத்துத் தமிழ்க் குடும்பங்கள் இழந்தவற்றுக்கு அங்கே தனிக் கணக்கு இருக்கிறது. இரண்டையும் அறிந்தவர் என்பதால் அவர் அதிகம் பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

"கிணத்தடியில ஒரு அம்மா, எந்த ஊருன்னு கேட்டுச்சு. ராமநாதபுரம்னேன். 'எங்க தங்கச்சி மண்டபம் முகாம்லதான் இருக்கு'ன்னுச்சு. நான் துப்பாக்கியோட நிக்கிறேன். என்னத்தச் சொல்ல?"

பேச்சைப் பாலத்துக்குத் திருப்பினேன். முகம் தெளிந்தது. பெய்லி பாலம் என்பது இரண்டாம் உலகப் போரில் வந்த இரும்புச் சட்டப் பாலம். ஒரு சட்டம் 10 அடி நீளம், சுமார் 260 கிலோ. ஆறு பேர் தூக்க வேண்டும். சட்டத்தோடு சட்டத்தைச் சேர்த்து முளை அடித்து, இக்கரையில் நின்றபடியே உருளைகள் மேல் தள்ளித் தள்ளி அக்கரைக்கு நீட்டுவார்கள். கிரேன் தேவையில்லை. "ஒருத்தன் தோளு எறங்குனா அஞ்சு பேரு இடுப்பும் போச்சு. அதுனால சாதி, ஊரு, சண்டையெல்லாம் சட்டத்தத் தூக்குற வரைக்குந்தேன்" என்று சிரித்தார்.

திருவாடானைப் பக்கம் பார்த்தவர் பீரங்கிப் படையில் டி.ஏ. என்கிற டெக்னிக்கல் அசிஸ்டெண்டாக இருந்தவர். கடுக்கலூர் பழனியின் பெயரை இந்த வட்டாரத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 81-ஆவது ஃபீல்டு ரெஜிமெண்டின் ஹவில்தாரான அவர் 2020 ஜூன் 15-ல் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் நீத்தார். மறு ஆண்டு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. பழனியும் பீரங்கிப் படை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் இவர் தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பீரங்கி சுடுகிறவன் கண்ணுக்கு எதிரி பெரும்பாலும் தெரியமாட்டான். முன்னால் ஏதோ ஒரு முகட்டில் நம் ஆள் பைனாகுலரோடு இருப்பார். அவர் ரேடியோவில் இலக்கைச் சொல்ல, டி.ஏ. கணக்குப் போட வேண்டும். தூரம், உயர வித்தியாசம், காற்று, குளிர், வெடிமருந்தின் சூடு எல்லாம் கணக்கில் வரும். 1999-ல் கார்கிலில் இவர் பட்ட பாடு உயரத்தால் வந்தது. மலை மேல் காற்று லேசு. தடுப்புக் குறைவதால் குண்டு கூடுதல் தூரம் பாயும். சமவெளிக் கணக்கு அங்கே செல்லாது.

"முதல் குண்டு தாண்டி விழும். 'ட்ராப் ஹண்ட்ரட்'னு சத்தம் வரும். திருத்தி அனுப்பினா 'ஆட் ஃபிஃப்டி' வரும். நான் தப்பாக் கூட்டினா, மேலே ஏறிக்கிட்டிருக்கிற நம்ம பசங்க தலையிலதான் விழும் சார். பத்தாவது கணக்கு வாத்தியார் அடிச்ச அடிக்கு அன்னைக்குத்தான் கும்பிடு போட்டேன்."

இப்போது அவர் ஒரு நிறுவனத்தின் வாசலில் இரவுக் காவல் பார்க்கிறார். வாகன எண்ணை நோட்டில் எழுதுவதுதான் அங்கே அவருக்குக் கணக்கு.

மண்டபத்தில் பார்த்தவர் கடலோரக் காவல்படையில் யாந்திரிக், அதாவது எஞ்சின் ஆள். பாக் நீரிணையில் ஆழம் குறைவு. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் வரிசையாக மணல் தீடைகள். கப்பல் போக முடியாத அந்த இடத்துக்காகவே மண்டபத்தில் ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறார்கள். அடியில் ரப்பர் பாவாடை. உள்ளே காற்றை அடித்து நிரப்பினால் தண்ணீர், மணல் இரண்டின் மேலும் போகும். பிரேக் கிடையாது. பக்கக் காற்று அடித்தால் இழுத்துக்கொண்டு போகும். சிப்பியும் பாறையும் பாவாடையின் நுனித் துண்டுகளைக் கிழித்துவிடும். கரைக்கு வந்ததும் படுத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாகக் கழற்றி மாட்டியது இவருடைய வேலைகளில் ஒன்று.

2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் தப்பி வந்தவர்களைப் படகுக்காரர்கள் தீடையில் இறக்கிவிட்டுப் போனபோது, கைக்குழந்தையோடு தவித்தவர்களைக் கரை சேர்த்தது ஹோவர்கிராஃப்ட்தான். அதற்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்ட இவர், அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்தபோது வண்டியின் சத்தத்தைத்தான் முதலில் கவனித்தாராம். "எஞ்சின் நல்லாத்தான் ஓடுச்சு" என்றார்.

நான் பார்த்தவர்களில் கற்ற தொழிலை ஊரில் தொடர்பவர் இவர் ஒருவர்தான். விசைப்படகு எஞ்சின் மக்கர் செய்தால் பாம்பன் மீனவர்கள் இவரைத் தேடி வருகிறார்கள். மற்ற பலருக்குக் கிடைப்பது காவலாளி உடுப்பு. முன்னாள் படைவீரர்களுக்காகத் தமிழக அரசு 1986-ல் தொடங்கிய டெக்ஸ்கோ பலருக்குச் சோறு போடுகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே கிடைக்கும் வேலையும் பெரும்பாலும் பாதுகாப்பு வேலைதான்.

2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடித்து நால்வரில் மூவர் வெளியே வருவார்கள். அதைப் பற்றிச் சாப்பர் பெரியவரிடம் கேட்டேன். "கம்பிய எப்பிடிப் பிடிக்கணும்னு ஒரு வருஷத்துல சொல்லிக் கொடுத்துறலாம். எங்க நிறுத்தணும்னு விரலுக்குத் தெரிய அம்புட்டு வருஷம் பத்தாது" என்றார்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கரை இது. புயல் வருவதும் சாலை அறுபடுவதும் இங்கே புதிதல்ல. பாலம் போடத் தெரிந்தவர், ரேடியோ பிடிக்கத் தெரிந்தவர், காயத்துக்குக் கட்டுப்போடத் தெரிந்தவர், நூறு பேருக்கு ஒரே அடுப்பில் சமைக்கத் தெரிந்தவர் எல்லோரும் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் டிரேடு எழுதியிருக்கிறது. அதை வைத்துத் தாலுகா வாரியாக, தொழில் வாரியாக ஒரு பட்டியல் எடுத்து, பேரிடர் வேலைக்குப் பொறுப்பான அதிகாரிகள் மேசையில் வைக்கலாம். ஆகஸ்ட் 15-ல் சால்வை போடுவதைவிட, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அவர்களைக் கூப்பிட்டு வேலை கேட்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.