வரைபலகையும் ஒரு நுக்தாவும்

வாப்பா விட்டுச்சென்ற அரபுத் தமிழ்க் கிதாபு ஒன்று என்னிடம் உள்ளது. கல்லச்சுப் பிரதி, பாதிப் பக்கங்களில் ஈரக்கறை. படமெடுத்துக் கணினியில் கறை நீக்க எண்ணி, விலை குறைந்த வரைபலகை தேடினேன். ஜப்பானிய நிறுவனமான வாகாமின் சிறிய ‘ஒன் பை வாகாம்’, சீனத்து ஹுயோனின் ‘எச்640பி’ இரண்டையும் இரவல் பெற்றுச் சோதித்தேன்.

முன்னது பேனாவின் அழுத்தத்தை 2048 படிகளாக உணரும், பின்னது 8192. எண்ணைக் கண்டு மயங்கினேன். கைக்கோ வேறுபாடே புலப்படவில்லை. பரப்பும் ஏறத்தாழ ஒன்றே. இரு பேனாக்களுக்கும் மின்கலம் வேண்டியதில்லை. தூரிகை ஓவியர்க்கு அழுத்தம் முக்கியம். அரபு அழகெழுத்திலோ கோடு தடிப்பதும் மெலிவதும் நாணற்பேனாவின் வெட்டாலும் சாய்வாலுமே. கிரிதா என்னும் இலவச மென்பொருளில் பட்டைத் தூரிகையைச் சாய்த்து நிறுத்தி எழுதினேன். இரண்டிலும் ஒன்றுபோலவே வந்தது!

ஹுயோனின் ஓரத்தில் ஆறு பொத்தான்கள் உள்ளன. ஒன்றை, செய்த பிழையை உடனே மீட்பதற்கென அமைத்துக்கொள்ளலாம். அதற்காகவே அதனை வாங்கினேன்.

அப்பொத்தானும் ஒருநாள் உதவவில்லை. துப்புரவான பக்கத்தை மகள் ஓதியபோது ஒரு சொல்லில் தடுமாறினாள். ‘வாப்பா, இங்கே ஜீம் அல்லவா வரவேண்டும்?’ கறையென்று எண்ணி நுக்தாவை அழித்திருந்தேன்; ஜீம் ஹாவாகிவிட்டது. படத்தையும் அப்படியே சேமித்து மூடிவிட்டிருந்தேன். கிதாபை மீண்டும் விரித்துப் படமெடுக்க நேர்ந்தது.

இப்போது மூலப்படத்தைத் தொடுவதில்லை. அதன்மேல் தனி அடுக்கில்தான் கறை நீக்குகிறேன். மகள் கிதாபைப் பார்த்து ஓதுகிறாள். அவள் ஓதி முடித்த வரிக்கு அப்பால் என் பேனா செல்வதில்லை.