காதில் வைத்த பஞ்சு

ஏழு வயதிலிருந்து எனக்கு இடது காது ஒழுகியது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அம்மா விடுவாள், மேலே பஞ்சை அடைப்பாள். அந்த வாடை வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். "வெளியில சொல்லாதீங்க, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க காதுக்குப் போயிரும்" என்பாள் அப்பத்தா. அண்ணனுக்கு டான்சில் வீங்கியபோது அன்றைக்கே மதுரைக்கு அழைத்துப் போனார்கள். எனக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து.

பிளஸ் ஒன் படிக்கும்போது தலைவலியும் வாந்தியும் தொடங்கின. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறேன் என்றார்கள். பிறகு பெயர்கள் போயின. டம்ளரைக் காட்டி "அது... தண்ணி குடிக்கிறது" என்றேன். சீப்பு, சாவி, துடைப்பம் எல்லாம் எதற்கு என்று தெரியும், பெயர் மட்டும் நாக்குக்கு வராது. திமிர் என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். மறுநாள் வகுப்பில் வலிப்பு வந்து விழுந்தேன்.

ஸ்கேனில் வளையம் போலத் தெரிந்ததாம். நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரித்திருந்தது. காதுக்கும் மூளைக்கும் இடையில் இருப்பது மெல்லிய எலும்புத் தகடுதான். அது கரைந்த வழியாகக் கிருமி ஏறி, காதுக்கு நேர் மேலே மூளையின் இடது பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இருப்பது இடது பக்கம். என் டம்ளர் போன இடம் அதுதான்.

இனி வருவது அம்மா பிறகு சொன்னது. அப்பா திருப்பூரில் இருந்தார். சம்மதத் தாளை நீட்டியவர், "ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்றிருக்கிறார். அண்ணன் வரட்டும் என்றார் சித்தப்பா. பொம்பளைப் பிள்ளை மண்டையைத் திறந்தால் பிறகு யார் கட்டுவார்கள் என்றும் கேட்டாராம். அம்மா அதுவரை ரேஷன் கடையில் மட்டும் கையெழுத்துப் போட்டவள். "பேனாவக் குடுங்க சார்" என்று வாங்கிப் போட்டிருக்கிறாள்.

மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு ஊசியால் சீழை உறிஞ்சினார்கள். ஆறு வாரம் நரம்பு வழியே செஃப்ட்ரியாக்சோனும் மெட்ரோனிடசோலும் ஏறின. வலிப்புக்கு மாத்திரை தனி. கட்டி சுருங்குகிறதா என்று திரும்பத் திரும்ப ஸ்கேன். பிறகு காதுக்குப் பின்னால் மாஸ்டாய்டு ஆபரேஷன். ஊற்றை அடைக்காமல் விட்டால் மறுபடி சீழ் கட்டும். அந்தக் காது இப்போது பாதிதான் கேட்கும்.

வில்லியம் மெக்யூன் என்ற கிளாஸ்கோ மருத்துவரைப் பற்றிப் பல வருடம் கழித்துப் படித்தேன். ஸ்கேன் இல்லாத 1876-இல், ஒரு சிறுவனின் மூளையில் சீழ் எங்கே இருக்கிறது என்று அறிகுறிகளை வைத்தே சொன்னார். அவனுக்கு அது காதால் வந்ததல்ல, அடிபட்டதால் வந்தது. குடும்பம் அறுவைக்குச் சம்மதிக்கவில்லை. பையன் இறந்த பிறகு திறந்து பார்த்தால் சீழ் அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை என்னால் தாண்ட முடியவில்லை. அப்பா வந்து சேர மறுநாள் சாயங்காலம் ஆகியிருந்தது.

பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தினமும் காலையில் அம்மா டம்ளரைத் தூக்கிக் காட்டுவாள். நான் சொல்லும்வரை காபி ஊற்றமாட்டாள்.

போன வருடம் சித்தப்பாவின் பேத்தி காதில் பஞ்சோடு வந்தாள். எடுத்துப் பார்த்தேன். அதே வாடை. "எண்ணெய் விட்டிருக்கோம், சரியாப் போயிரும்" என்றார் சித்தப்பா. அம்மா அவருக்குப் பதிலே சொல்லவில்லை, என்னிடம் திரும்பி, "மதுரைக்கு முத பஸ் எத்தனை மணிக்குடி?" என்றாள்.